கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் தூரத்துப் பங்காளி!

2009 ஆகஸ்ட் 23. திருப்பூர் மாவட்டம் பெருமாநல்லூரில் அன்றைய துணை முதல்வரின் நிகழ்ச்சி. பந்தோபஸ்துக்கு வந்த காவலர்களில் ஒரு பெண் காவலரும் இருந்தார். பணி முடிந்து வீடு திரும்ப வேண்டியவர், திரும்பவில்லை. சில வாரங்கள் கழித்து அவரது சடலம்தான் கிடைத்தது. சீருடை அணிந்த ஒரு பெண்ணையே கடத்திக் கொல்ல முடியும் என்றால், மற்ற பெண்களின் கதி என்ன? கொங்கு மண்டலமே அன்று இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், அவர் பெயர் இங்கே இல்லை.

பெருமாநல்லூரை அறியாத லாரி டிரைவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கோவை - சேலம் நெடுஞ்சாலையும், திருப்பூர் - கோபி சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். நூல் மூட்டை ஏற்றிவரும் லாரி, பனியன் பெட்டிகளோடு துறைமுகம் போகும் லாரி, வட மாநிலத்துக்குப் போகும் டிரெய்லர் என ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும் சாலை. அந்தச் சாலையோரம்தான் ஷிப்ட் முடிந்த பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் பிடிபட்ட ஜெய்சங்கரும் லாரி டிரைவர்தான். சேலம் மாவட்டம் எடப்பாடிப் பக்கத்துக்காரர். பத்திரிகைகள் 'சைக்கோ சங்கர்' என்று பெயர் வைத்தன. (அந்தப் பட்டப்பெயர் உண்மையில் யாருக்கும் உதவவில்லை. பேய்க் கதைபோல அவரைப் பற்றிப் பேச முடிந்ததே தவிர, இத்தனை குற்றங்கள் நடக்கும்வரை ஏன் பிடிபடவில்லை என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது.) நெடுஞ்சாலை ஓரங்களில், தாபாக்களின் அருகில், தனியாக இருந்த பெண்களைக் குறிவைத்தவர் என்று காவல்துறை சொன்னது. திருப்பூர், சேலம், தருமபுரி என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு ஃபைல். ஒரு ஸ்டேஷனில் இருக்கும் வழக்குக்கும் நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஸ்டேஷனில் இருக்கும் வழக்குக்கும் ஒரே ஆள்தான் காரணம் என்பது, அவர் பிடிபட்ட பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2011 மார்ச்சில் தருமபுரி நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று கோவைச் சிறைக்குத் திரும்பும் வழியில், சேலம் பஸ் ஸ்டாண்டில் தப்பினார். பாதுகாப்புக்குச் சென்ற காவலர்களில் ஒருவர் அந்த அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். தப்பிய ஜெய்சங்கர் கர்நாடகாவுக்குள் நுழைந்தார். அங்கும் கொலைகள் தொடர்ந்தன. அந்த ஆண்டு மே மாதம் பிஜாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிடிபட்டார். 2013 செப்டம்பர் 1-ம் தேதி பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறைச்சுவரையும் தாண்டினார். காலில் அடிபட்டதால் ஐந்தாறு நாளில் சிக்கிக்கொண்டார். 2018 பிப்ரவரி 27-ம் தேதி, அதே சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் இறந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. உலகின் மறுகோடியில், நாற்பது ஆண்டுகளாக முகம் தெரியாமல் இருந்த ஒரு தொடர் கொலையாளியைப் போலீஸ் அவர் வீட்டு வாசலிலேயே பிடித்தது. காட்டிக்கொடுத்தவர்கள் சாட்சிகளோ, கூட்டாளிகளோ அல்ல. அவரை வாழ்நாளில் பார்த்தே இராத தூரத்து உறவினர்கள்.

கலிஃபோர்னியாவில் நடந்தது

1974-லிருந்து 1986 வரை கலிஃபோர்னியாவைப் பயத்தில் ஆழ்த்தியவர் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்'. குறைந்தது 13 கொலைகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலியல் வன்கொடுமைகள். ராத்திரியில் வீடு புகுந்து, கணவனைக் கட்டிப்போட்டு, மனைவியைச் சீரழித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வடக்கே சாக்ரமென்டோ பகுதியில் நடந்தவற்றுக்கு ஒரு பெயர், தெற்கே நடந்த கொலைகளுக்கு இன்னொரு பெயர் என்று போலீஸ் இரண்டு ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. 2001-ல் டி.என்.ஏ-வை ஒப்பிட்டபோதுதான், இரண்டும் ஒரே ஆள் என்பது தெரிந்தது. நம்மூரில் மாவட்ட எல்லைகள் செய்த வேலையை, அங்கே கவுன்டி எல்லைகள் செய்திருந்தன.

ஒரே ஆள் என்று தெரிந்தது, சரி. யார் அந்த ஆள்? குற்றவாளிகளின் டி.என்.ஏ. சேமிப்பில் தேடினால் பொருத்தம் இல்லை. காரணம், அந்த ஆளின் டி.என்.ஏ. அதுவரை எந்தச் சேமிப்பிலும் ஏறவே இல்லை.

இங்கேதான் பால் ஹோல்ஸ் என்ற விசாரணை அதிகாரியும், பார்பரா ரே-வென்டர் என்ற வம்சாவளி ஆய்வாளரும் வேறு கதவைத் தட்டினார்கள். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் தங்கள் மூதாதையர் யார், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று அறிய எச்சிலைக் குப்பியில் துப்பி, தனியார் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அப்படிக் கிடைத்த தங்கள் டி.என்.ஏ. விவரத்தை 'ஜெட்மேட்ச்' என்ற பொது இணையதளத்தில் ஏற்றி, உறவினர்களைத் தேடுகிறார்கள். 2010-ல் கர்டிஸ் ரோஜர்ஸ், ஜான் ஓல்சன் என்ற இருவர் தொடங்கிய தளம் அது. கொலையாளியைத் தேடுவதற்காக அவர்கள் அதைத் தொடங்கவில்லை.

1980-ல் வெஞ்சுரா பகுதியில் கொல்லப்பட்ட தம்பதியர் வழக்கின் மருத்துவ மாதிரி, பத்திரமாக உறைநிலையில் இருந்தது. அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ-வை ஜெட்மேட்ச்சில் ஏற்றியதும், கொலையாளிக்குத் தூரத்துச் சொந்தங்கள் சிலர் கிடைத்தார்கள். பொதுவான முன்னோர், எள்ளுத்தாத்தாவுக்கும் மேலே ஒரு தலைமுறை, 1800-களில் வாழ்ந்தவர்கள். அங்கிருந்து கீழே இறங்கி, பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று ஆயிரக்கணக்கானோர் கொண்ட வம்ச மரத்தை வரைந்தார்கள். சர்ச் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கு, செய்தித்தாள்களில் வந்த இரங்கல் அறிவிப்பு, எதையும் விடவில்லை. ஆண், இன்ன வயது, அந்தக் காலத்தில் அந்த ஊரில் இருந்தவர் என்று வடிகட்டினார்கள். சுமார் நான்கு மாதம் பிடித்தது. கடைசியில் நின்ற பெயர்: ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ. வயது 72. முன்னாள் போலீஸ்காரர்!

பெயர் கிடைத்தவுடன் கைது செய்துவிடவில்லை. கடைக்குப் போயிருந்தபோது அவர் கார் கதவின் கைப்பிடியைத் துடைத்து மாதிரி எடுத்தார்கள். வீட்டுக் குப்பையிலிருந்து அவர் பயன்படுத்திய டிஷ்யூ பேப்பரை எடுத்தார்கள். குற்ற இடத்து டி.என்.ஏ-வோடு நேரடியாகப் பொருத்திப் பார்த்த பிறகே, 2018 ஏப்ரல் 24-ம் தேதி கைது. 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. நீதிமன்றத்தில், உயிர் பிழைத்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அவர்களில் பலருக்கு, தங்களைச் சிதைத்தவரின் பெயரே அதுவரை தெரியாது.

பிறகு வழக்குகள் வரிசையாக அவிழ்ந்தன. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் நகரில் 2004-ல் எட்டு வயதுச் சிறுவனும் 56 வயதுப் பெண்ணும் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட வழக்கு, 16 ஆண்டுகள் கழித்து 2020-ல் இதே முறையில் தீர்ந்தது. ஐரோப்பாவில் அதுதான் முதல்.

எப்படிச் சாத்தியம்?

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வித்தியாசம் உண்டு. போலீஸ் ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்ப்பது டி.என்.ஏ-வில் இருபது சொச்சம் இடங்களை மட்டும். 'இது இவர்தானா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அது போதும். அந்த முறையில் நெருங்கிய ரத்த உறவைத்தான் ஓரளவு பிடிக்க முடியும். லாஸ் ஏஞ்சல்ஸின் 'கிரிம் ஸ்லீப்பர்' என்ற தொடர் கொலையாளி 2010-ல் சிக்கியது அப்படித்தான். வேறொரு வழக்கில் பதிவான அவர் மகனின் டி.என்.ஏ. அப்பனைக் காட்டிக்கொடுத்தது.

வம்சாவளி முறையோ, ஆறேழு லட்சம் இடங்களைப் பார்க்கிறது. அண்ணன் தம்பி பிள்ளைகள், அத்தை மாமா பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சராசரியாக 12.5 சதவிகித டி.என்.ஏ-வைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே கொள்ளுத்தாத்தா வழி வந்தவர்களுக்கு சுமார் 3 சதவிகிதம். ஒரே எள்ளுத்தாத்தா என்றால் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. அந்த ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான பகுதியைக்கூட, ஆறேழு லட்சம் இடங்களைப் பார்க்கும் முறை கண்டுபிடித்துவிடும்.

2018-ல் 'சயின்ஸ்' இதழில் யானிவ் எர்லிக் குழுவினர் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு மக்கள் கூட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் டி.என்.ஏ. கொடுத்தாலே போதும், அந்தக் கூட்டத்தில் அநேகமாக எல்லோருக்கும் எள்ளுத்தாத்தா வழிச் சொந்தம் ஒன்று அந்தச் சேமிப்பில் அகப்பட்டுவிடும். நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. முகமே தெரியாத உங்கள் பங்காளி கொடுத்தால் போதும். துப்பறிபவர்களுக்கு இது நல்ல சேதி. மற்றவர்களுக்கு இதில் நிறையவே யோசிக்க இருக்கிறது.

தவறான ஆளும், விடுதலையான ஆளும்

அமெரிக்காவின் ஐடஹோ ஃபால்ஸ் நகரில் 1996-ல் 18 வயதுப் பெண் கொல்லப்பட்டாள். கிறிஸ்டோபர் டாப் என்ற இளைஞரைப் பல நாள் விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, சிறைக்கு அனுப்பினார்கள். குற்ற இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. அவருடையது அல்ல என்று தெரிந்தும் அவர் வெளியே வரவில்லை. 2014-ல் போலீஸ் ஒரு வம்சாவளிச் சேமிப்பில் ஆண் வழி டி.என்.ஏ-வை மட்டும் வைத்துத் தேடியது. நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஒரு திரைப்படக் கலைஞர் மீது சந்தேகம் விழுந்தது. அவர் அப்பா எப்போதோ தன் டி.என்.ஏ-வைக் கொடுத்திருந்தார், அதுதான் காரணம். சில வாரங்கள் அந்த மனிதர் கொலைச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார். பரிசோதனை முடிவு வந்ததும், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது.

2019-ல் முழுமையான வம்சாவளி முறையில் மீண்டும் தேடினார்கள். உண்மையான ஆள் சிக்கினார்; ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஜூலையில் டாப் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. இருபது ஆண்டுகள் அவருக்குச் சிறையில் போயிருந்தன. அவர் விடுதலைக்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களில் முக்கியமானவர், கொலையான பெண்ணின் அம்மா! தன் மகளைக் கொன்றதாக நம்பிய இளைஞரின் விசாரணை வீடியோக்களை உட்கார்ந்து பார்த்து, 'இவன் இல்லை' என்ற முடிவுக்கு வந்தவர்.

ஒரே வழக்கில் இந்தத் தொழில்நுட்பத்தின் இரண்டு முகமும் தெரிகிறது. அரைகுறையாகப் பயன்படுத்தினால் அப்பாவியின் வாசலில் போய் நிற்கும். ஒழுங்காகப் பயன்படுத்தினால் அப்பாவியை வெளியே கொண்டுவரும்.

மாமன் மகள் கட்டிய ஊரில்...

இதைத் திருப்பூருக்குக் கொண்டுவர முடியுமா? இந்தியாவில் ஜெட்மேட்ச் போன்ற பொதுச் சேமிப்பு எதுவும் வளரவில்லை. எச்சிலைத் துப்பி அனுப்பி முன்னோரைத் தேடும் பழக்கமும் நம்மிடம் இல்லை. நமக்கு அது தேவைப்படவும் இல்லை. குலதெய்வம் எது என்று கேட்டால் போதும்.

கொங்கு நாட்டில் இது இன்னும் தெளிவு. கொங்கு வேளாளர் சமூகத்தில் 'கூட்டம்' என்ற பிரிவு உண்டு. ஒரே கூட்டத்தார் எல்லோரும் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. கூட்டம் அப்பா வழியில் வருகிறது. உயிரியலில் ஒய் குரோமோசோமும் அப்பா வழியில்தான் வருகிறது! கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது, எந்தெந்த ஊரில் எத்தனை பங்காளி வீடு என்று பட்டியல் எழுதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் சர்ச் பதிவேட்டில் தேடியதில் ஒரு பகுதி, இங்கே குலதெய்வக் கோயில் நோட்டில் இருக்கிறது. வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் பல தலைமுறை வம்சாவளி ஏடுகளை வைத்திருக்கிறார்கள்.

ஆனால், வேறொரு சிக்கல் இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், சில வீடுகளில் அக்கா மகள் என்று நாம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. இதனால் என்ன ஆகும்? ஒருவரோடு இரண்டு மூன்று வழியில் உறவு இருக்கும். கொள்ளுத்தாத்தா வழியில் ஒரு துளி, அம்மாச்சி வழியில் ஒரு துளி என்று சேர்ந்து, தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம்போலக் கணக்கில் தெரியும். டி.என்.ஏ. 'இவர் சந்தேக நபருக்குச் சித்தப்பா பிள்ளை முறை' என்று சொல்லும். உண்மையில் அவர் நாலு தலைமுறை தள்ளிய சொந்தமாக இருப்பார். மேற்கத்திய நாடுகளின் யூத சமூகத்தில் வம்சாவளி ஆய்வாளர்கள் திணறுவது இதனால்தான். அவர்களை விடவும் நம் நாட்டில் இந்த நெருக்கம் அதிகம். ஹைதராபாத் சி.சி.எம்.பி-யின் தங்கராஜ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 2017-ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தார்கள். 81 குழுக்களில் இந்த நெருக்கம் அந்த யூதர்களையும் ஃபின்லாந்து மக்களையும் விட வலுவாக இருந்தது.

இன்னொன்று, திருப்பூரே இன்று கொங்கு மக்களின் ஊர் மட்டுமல்ல. கட்டிங் டேபிளில் நிற்பவர் பீகார், பவர்டேபிளில் உட்காருபவர் ஒடிசா, செக்கிங்கில் இருப்பவர் தேனி, ஹாஸ்டலில் தங்கி மில்லுக்குப் போகும் பெண் ஜார்க்கண்ட். இங்கே ஒரு சேமிப்பு ஏற்படுத்தினால், யாருடைய டி.என்.ஏ. முதலில் அதில் ஏறும்? கம்பெனி முதலாளியுடையதா, வாடகை ரூமில் எட்டு பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளியுடையதா? ஒரு குற்றம் நடந்தால் முதலில் 'வடக்கத்திக்காரன்' மீது கண் போகும் பழக்கம் இங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023-ல் புலம்பெயர் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் இந்த ஊர்த் தொழிலாளர்கள்தான். அவர்கள் நம்பிக்கையைத் திரும்பப் பெற போலீஸ் இந்தியில் பேச வேண்டியிருந்தது.

ரேகைச் சட்டம் ஞாபகம் இருக்கிறதா?

அடையாளம் காணும் அறிவியல் ஒரு சமூகத்தின் மேல் பாய்ந்த கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். குற்றம் செய்தவரிடம் மட்டுமல்ல, அந்தச் சமூகத்தில் பிறந்த ஆண்களிடமெல்லாம் கைரேகை வாங்கினார்கள். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

கைரேகை ஒருவரோடு நின்றுவிடும். டி.என்.ஏ. அப்படி நிற்காது. அது அப்பா, அண்ணன், பங்காளி, சமூகம் என்று விரிந்துகொண்டே போகும். 'கொலையாளி இன்ன சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம்' என்ற ஒரு வரி ஆய்வகத்திலிருந்து வெளியே கசிந்தால், மறுநாள் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டு ரகசியங்களும் இருக்கின்றன. வம்சாவளி தேடிய வெளிநாட்டவர் பலர், அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்று தெரிந்து அதிர்ந்திருக்கிறார்கள். அங்கே அது குடும்பத்துக்குள் மனவருத்தம். இங்கே? சாதி மாறிக் கல்யாணம் செய்த இளைஞரை 2016-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது இதே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகில்தான். ஒரு கொலையைத் துப்பறியப் போய், இன்னொரு வீட்டில் கொலைக்குக் காரணம் தேடிக் கொடுத்துவிடக் கூடாது.

சேமிப்பு பத்திரமாக இருக்குமா என்பதும் கேள்விதான். 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025-ல் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. ஜெட்மேட்ச் விஷயத்திலும் முதலில் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்த பிறகு, 2019 மே மாதத்திலிருந்து, 'போலீஸ் பார்க்கலாம்' என்று சம்மதித்தவர்களின் விவரத்தை மட்டுமே காட்டத் தொடங்கியது. டிஏஞ்சலோ வழக்கிலும், வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாமலே வேறு இரண்டு தனியார் சேமிப்புகளில் தேடியது பின்னால் தெரியவந்தது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

டி.என்.ஏ. துறையில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. சி.சி.எம்.பி-யின் லால்ஜி சிங், கட்டுவிரியன் வகைப் பாம்பு ஒன்றின் டி.என்.ஏ. ஆய்விலிருந்து உருவாக்கிய கருவியை வைத்தே, 1980-களின் இறுதியில் நம் நாட்டுக்கென்று சொந்த முறையை அமைத்தார். ராஜீவ் காந்தி படுகொலையில் மனித வெடிகுண்டை உறுதிசெய்ததிலும் அந்த ஆய்வகத்துக்குப் பங்கு உண்டு. தடய அறிவியலில் தமிழ்நாட்டுக்கு இன்னும் பழைய பெருமை: இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது.

ஆனால் தேசிய டி.என்.ஏ. வங்கி அமைக்கும் மசோதா? 2019-ல் மக்களவையில் வந்தது; நிலைக்குழு அலசியது; 2023 ஜூலையில் அரசே வாபஸ் வாங்கிக்கொண்டது. இடையில், 2022-ல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. கைதானவர்களிடமிருந்து உயிரியல் மாதிரிகள்வரை எடுக்கவும், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் அது வழிசெய்கிறது. உறவினர் வழியாகத் தேடுவதற்கு என்ன கட்டுப்பாடு, யார் அனுமதி தர வேண்டும் என்பதற்குத் தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்க நீதித்துறை 2019-ல் கொண்டுவந்த விதிகளில் சில தெளிவு உண்டு: கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடும் குற்றங்கள், அடையாளம் தெரியாத சடலங்கள் ஆகியவற்றுக்கு மட்டும், மற்ற வழிகளில் முயன்ற பிறகே, வம்சாவளிப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது கூடாது. அப்படியொரு பக்கம்கூட இங்கே எழுதப்படவில்லை.

லாட் சீட்டு இல்லாத துணி

இவ்வளவும் பேசுவதற்கு முன், அடிப்படை ஒன்று இருக்கிறது. டிஏஞ்சலோ சிக்கியதற்கு ஜெட்மேட்ச் மட்டும் காரணமில்லை. 1980-ல் எடுத்த மாதிரியை, 38 ஆண்டுகள் யாரோ கெடாமல் வைத்திருந்தார்கள். மாதிரி கெட்டுப்போயிருந்தால், எத்தனை கோடிப் பேர் எச்சில் துப்பியும் பயனில்லை.

இங்கே நிலைமை என்ன என்பதைத் தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கு காட்டுகிறது. 2011-ல் அருவிக்குப் போன காதல் ஜோடி கொல்லப்பட்டது. பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார். கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. பொருந்தியதாக அறிக்கை இருந்தது. ஆனால், மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, யார் கையில் எத்தனை நாள் இருந்தது, ஏன் இவ்வளவு தாமதமாக ஆய்வகத்துக்குப் போனது என்பதற்கு நம்பும்படியான பதில் இல்லை. ஒருவர் தூக்குக்கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழித்தார். இறந்துபோன அந்த இருவருக்கும் நீதியும் கிடைக்கவில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு துணி ரோலிலும் லாட் சீட்டு இருக்கும். எந்த நூல், எந்த மெஷின், எந்தத் தேதி, எந்த ஷேடு எல்லாம் அதில் உண்டு. சீட்டு கிழிந்துபோன ரோலை எந்த பையரும் ஏற்க மாட்டார், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ஒரு டி-ஷர்ட்டுக்கு நாம் காட்டும் இந்தக் கறார், கொலை செய்யப்பட்ட ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரிக்கு இல்லாமல் போனது.

அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் போலீஸுக்கும் உத்தரவுகள் போட்டது. மாதிரியில் வழக்கு எண், பிரிவு, அதிகாரியின் பெயர், ஸ்டேஷன் எல்லாம் எழுதப்பட வேண்டும். எடுத்த மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி உறையைப் பிரிக்கக் கூடாது. மாதிரி எடுத்த நாளிலிருந்து வழக்கு முடியும்வரை அது யார் யார் கை மாறியது என்பதற்கு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டமும், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் தயாராக ஐந்தாண்டு அவகாசம் உண்டு.

இதன் அவசரம் கொங்குப் பகுதிக்குத் தெரியும். 2024 நவம்பர் இறுதியில், பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்துச் சாளையில் இருந்த ஒரு குடும்பத்தின் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். மாதங்கள் போயும் துப்பு துலங்கவில்லை. பிறகு, 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் மே மாதம் கைதானவர்களுக்கு சேமலைக்கவுண்டம்பாளையம் கொலைகளிலும் தொடர்பு இருப்பதாகக் காவல்துறை அறிவித்தது. நிரூபிக்க வேண்டியது நீதிமன்றத்தில். அந்தச் சில மாத இடைவெளியில், தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருந்த பெரியவர்களுக்குத் தூக்கம் போயிருந்தது. முதல் வழக்குக்கும் அடுத்த வழக்குக்கும் இடையிலான இந்த நாட்களில்தான் தடய அறிவியலுக்கு வேலை இருக்கிறது.

பெயரில்லாத சடலங்கள்

கொலையாளியைத் தேடுவதில் இத்தனை சட்டச் சிக்கல் இருக்க, வம்சாவளி முறையை எதிர்ப்பில்லாமல் தொடங்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ரயில் தண்டவாளத்தில், சாலையோரத்தில், கிணற்றில் கிடைத்து, 'சுமார் 30 வயது மதிக்கத்தக்க ஆண், அடையாளம் தெரியவில்லை' என்று ஃபைல் மூடப்படும் சடலங்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் பல்லாயிரம். வேலை தேடி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வருபவர்கள் வாழும் திருப்பூரில், அவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் காத்திருக்கும் ஒரு தாய் இருப்பாள்?

அமெரிக்காவில் மார்கரெட் பிரஸ், கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இரு பெண்கள் 2017-ல் 'டி.என்.ஏ. டோ ப்ராஜெக்ட்' என்ற தன்னார்வ அமைப்பை இதற்கென்றே தொடங்கினார்கள். ஒஹையோவில் 1981-ல் சாலையோரம் கொலையுண்டு கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவள் அணிந்திருந்த மான்தோல் ஜாக்கெட்டை வைத்து 'பக்ஸ்கின் கேர்ள்' என்று பெயர் வைத்திருந்தது போலீஸ். 37 ஆண்டுகள் அதே பெயர்தான். 2018 ஏப்ரலில் வம்சாவளி முறையில் அவள் சொந்தப் பெயர் தெரிந்தது: மார்சியா கிங். அவள் அம்மா அப்போதும் உயிரோடிருந்தார். மகள் திரும்பி வந்தால் தேடி அலையக் கூடாதே என்று, அத்தனை ஆண்டுகளும் வீட்டை மாற்றாமல், ஃபோன் நம்பரையும் மாற்றாமல் இருந்திருக்கிறார்.